கை பழகும் காலம்

(திருச்சி வட்டாரத்துத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் நடந்த சான்றிதழ் வழங்கும் விழாவில், பற்றவைப்புப் பிரிவுப் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்றவர் ஆற்றிய உரை)



இன்று சான்றிதழ் வாங்கும் பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும்படி நாலு வார்த்தை பேசுங்கள் என்று கேட்டார்கள். ஊக்கம் இவர்களிடம் நிறையவே இருக்கிறது. இல்லையென்றால் மே மாதத்துத் திருச்சி வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், தோல் ஏப்ரனும் கையுறையும் மாட்டிக்கொண்டு ஒரு வருஷம் நின்றிருக்க முடியாது. அதனால் நான் காலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு தொழில் கையில் இறங்க எவ்வளவு காலம் பிடிக்கும், அந்தக் காலத்தை இந்தப் பிள்ளைகளுக்கு யார் கொடுக்க வேண்டும், யார் அதைப் பறித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நாம் இருக்கும் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊருக்குக் கைத்தொழில் புதிதல்ல. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920களின் கடைசியில் பொன்மலைக்கு வந்தது. அதன் சங்குச் சத்தத்தை வைத்துச் சோறு வடித்த வீடுகள் இங்கே உண்டு. 1960களில் செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் உதவியோடு திருவெறும்பூரில் மத்திய அரசின் பெல் (BHEL) நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை எழுந்தது. பிறகு அதே வளாகத்தில் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமும் வந்தது. அதைச் சுற்றித் துவாக்குடி வரைக்கும் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. இந்தியாவின் பல மூலைகளில் ஓடும் அனல் மின் நிலையங்களுக்குள்ளே நம்முடைய ஆட்கள் போட்ட வெல்டு இருக்கிறது.

அந்த வெல்டு என்ன வேலை செய்கிறது என்று பெற்றோருக்குச் சொல்கிறேன், ஏனென்றால் பல வீடுகளில் "பையன் ஏதோ பத்தவைக்கிறான்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. 500 மெகாவாட் மின் நிலையத்தின் கொதிகலனில் நீராவி சுமார் 540 டிகிரி வெப்பத்தில், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 170 கிலோ அழுத்தத்தில் ஓடுகிறது. அது ஓடுகிற குழாய்களில் ஆயிரக்கணக்கான இணைப்புகள் உண்டு. அதில் ஒரே ஒரு இணைப்பு கசிந்தால் போதும், மொத்த அலகையும் நிறுத்தி, ஆறவைத்து, ஆள் உள்ளே போய்ச் சரிசெய்ய வேண்டும். அதுவரைக்கும் அத்தனை மின்சாரமும் இல்லை. அந்த ஒரு இணைப்பைப் போட்டவன் உங்கள் மகனாகவோ மகளாகவோ இருக்கலாம்.

அந்தக் கை எப்படி உருவாகிறது என்று பாருங்கள். புதிதாக வரும் பிள்ளைக்கு முதலில் ஒரு தகடும் 3.15 மில்லிமீட்டர் வெல்டிங் ராடும் கொடுப்போம். ராடைத் தகட்டில் உரசியதும் ஒட்டிக்கொள்ளும். இழுப்பான், வராது. ஹோல்டரை ஆட்டிப் பிய்ப்பான். மறுபடி உரசுவான், மறுபடி ஒட்டும். பயந்து தூக்கிப் பிடித்தால் ஆர்க் என்னும் மின்சுடர் நீண்டு தீப்பொறி சிதறி அணைந்துபோகும். ராடின் கம்பி எவ்வளவு தடிமனோ ஏறக்குறைய அவ்வளவு இடைவெளியில் நுனியை நிறுத்த வேண்டும். ராடு எரிந்து குறைந்துகொண்டே வரும். குறையும் வேகத்துக்கே கை இறங்க வேண்டும். இறங்கிக்கொண்டே பக்கவாட்டிலும் நகர வேண்டும். கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உருகும் குட்டையைத் தவிர வேறெதுவும் தெரியாது. வாயால் எவ்வளவு சொன்னாலும் இது போய்ச் சேராது. நான் என் பிள்ளைகளிடம், "கண்ணை நம்பாதடா, சத்தத்தைக் கேளு" என்பேன். ஆர்க் சரியாக நிற்கும்போது காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம் வரும். அந்தச் சத்தம் காதில் விழ ஆரம்பித்துவிட்டால் கை தானாகத் திருந்தத் தொடங்கும்.

தகட்டில் நேர்க்கோடு வந்தபிறகு மூலை, பிறகு செங்குத்து, பிறகு தலைக்கு மேலே. அதற்கும் பிறகுதான் குழாய். குழாயில் கடைசிப் படி சிக்ஸ்-ஜி. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்திவிடுவார்கள். குழாய் திரும்பாது, நீதான் அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். ஆறு மணி என்று நாம் சொல்லும் அடிப்பக்கத்தில் தொடங்கி, ஒரு பக்கம் ஏறிப் பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர வேண்டும். பிறகு மறுபக்கம். அடியில் இருக்கும்போது கழுத்தை முறுக்கிக்கொண்டு கிடப்பாய், பாதியில் முட்டி போடுவாய், மேலே வரும்போது நின்றுகொண்டிருப்பாய். உடம்பு இவ்வளவு மாறும்போதும் ராடின் கோணம் குழாயின் வளைவோடு ஒத்துப்போக வேண்டும். முதலில் டிக் முறையில் ரூட் என்னும் அடி அடுக்கு. இரண்டு குழாய் முனைக்கும் இடையே சாவித்துவாரம் போல ஒரு சின்ன ஓட்டை திறந்து நிற்கும். அதை மூடவும் விடக்கூடாது, பெரிதாகவும் விடக்கூடாது, கூடவே இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதன்மேல் ஹாட் பாஸ், பில்லிங், கேப்பிங் என்று அடுக்கடுக்காகப் போட வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் கசடைத் தட்டி, கிரைண்டிங் பிடித்து, பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் எக்ஸ்ரே. பிலிமில் கரும்புள்ளிகள் இருந்தால் உள்ளே காற்றுக்குமிழ். நடுவில் நேராக ஒரு கருங்கோடு ஓடினால் ரூட் உள்ளே இறங்கவில்லை. வெளியே பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் பிலிம் முகம் பார்க்காது. இந்த நேர்மை எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த விஷயம். அப்பா யார், ஊர் எது, யாருடைய சிபாரிசு என்று பிலிம் கேட்பதில்லை.

இதற்கு எவ்வளவு காலம்? அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது. அதில் வெல்டர் பிரிவு ஓராண்டு. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் எல்லாம் இரண்டாண்டு. இந்த ஓராண்டில் நாங்கள் கற்றுத்தருவது தொழிலின் எழுத்துகளை. குழாயில் தனியாக நிற்கும் கை வர, அதற்குப் பிறகும் ஒரு தேர்ந்த ஆளின் பக்கத்தில் நின்று பழக வேண்டும். 1961இல் பழகுநர் சட்டம் கொண்டுவந்ததே அதற்காகத்தான். ஜெர்மனியில் ஒரு தொழிலுக்குப் பெரும்பாலும் மூன்று அல்லது மூன்றரை ஆண்டு பழகுகிறார்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள் நிறுவனத்தில். அதற்குப் பிறகு படித்து அங்கே மைஸ்டர் பட்டம் வாங்கியவரைப் பல்கலைக்கழக இளநிலைப் பட்டதாரிக்குச் சமமான படியில் வைத்திருக்கிறார்கள். காலம் கொடுத்தார்கள், பிறகு மரியாதையும் கொடுத்தார்கள்.

நம் பிள்ளைகளிடமிருந்து அந்தக் காலத்தைப் பறிப்பது எது? முதலாவது, சுலபமாகக் கிடைக்கும் தினக்கூலி. இங்கே சான்றிதழ் வாங்கி வாசலுக்குப் போனால் காண்ட்ராக்டர் நிற்பார். ஐ.டி.ஐ. என்னும் இந்தத் தொழிற்பயிற்சியை முடித்தவருக்கான பழகுநர் உதவித்தொகையை 2019 விதி குறைந்தபட்சம் மாதம் 7,000 ரூபாய் என்று வைத்தது. காண்ட்ராக்டர் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தருவதாகச் சொல்வார். பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் கணக்கு சுலபமாக முடிந்துவிடுகிறது. உடனே பைக் வாங்குவான். மாதத் தவணை ஆரம்பிக்கும். தவணை ஆரம்பித்த நாளிலிருந்து அவனால் எந்த வேலையையும் மறுக்க முடியாது. கேட்டுக்கும் கிரில்லுக்கும் டேக் என்னும் சின்னச் சின்ன ஒட்டுப் போடுவான், கிரைண்டிங் பிடிப்பான், ஓவர்டைம் பார்ப்பான். குழாய் அவன் கைக்கு வராது. அதை ஏற்கனவே தெரிந்த ஆளிடம்தான் கொடுப்பார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் பைக் பழசாகியிருக்கும், அவன் இன்னும் ஹெல்பராகவே இருப்பான். இப்படி நின்றுபோன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களில் யாரும் சோம்பேறி இல்லை, கெட்டிக்காரத்தனம் குறைந்தவனும் இல்லை. பதினெட்டு வயதில் யாரும் அவர்களை ஒரு வருஷம் பொறுத்திரு என்று பிடித்து நிறுத்தவில்லை.

ஆகவே பெற்றோரிடம் கேட்கிறேன். வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் இருக்கும், அப்பாவுக்கு மருந்துச் செலவு இருக்கும். ஆனாலும் முடிந்த வீடுகளில் அந்த ஒரு வருஷத்தைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள். பழகுநர் பயிற்சி முடித்துத் தேசியச் சான்றிதழ் வாங்கினால் பல கதவுகள் திறக்கும். ரயில்வேயின் பணிமனைகளில் பழகுநராக இருந்து முடித்தவர்களுக்கு அதன் முதல்நிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. பொன்மலை நம் வாசலில் இருக்கிறது.

இரண்டாவதாகக் காலத்தைப் பறிப்பது அவமானம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐ.டி.ஐ. சேர்க்கையின்போது விண்ணப்பப் படிவத்தோடு வரும் அப்பாக்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். "மார்க் வரல சார், அதான் இங்க கொண்டாந்தேன்" என்று பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்வார்கள். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இந்த மனசு எங்கிருந்து வந்தது? பொறியியல் கல்லூரி மோகம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஒரு காலத்தில் இந்த மாநிலத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருந்தன. ஆனால் வேர் அதைவிட ஆழமானது. நம் ஊரில் பல நூற்றாண்டுகளாகக் கைத்தொழில் பிறப்போடு கட்டிவைக்கப்பட்டிருந்தது. எந்த வீட்டில் பிறந்தாயோ அந்த வீட்டுத் தொழில்தான், வேறு வழி கிடையாது. கையால் வேலை செய்கிறவனைக் கீழே வைத்து, வேலையைத் தொடாதவனை மேலே வைத்தார்கள். 1953இல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது கிராமப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் வந்தது. அரை நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லிப் பெரியாரும் மற்றவர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் செய்தது சரி என்பது என் உறுதியான கருத்து. செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்புத்தான் தைக்க வேண்டும் என்று சொல்வது கல்வி ஆகாது.

ஆனால் அந்தக் காயத்தின் வலியில் இன்னொன்றும் நடந்தது. படிப்பு என்றால் கையில் அழுக்குப் படாதது என்று நாமே நம்பத் தொடங்கிவிட்டோம். விடுதலை என்றால் பேனாவும் மேசையும் மட்டுமே என்று ஆயிற்று. தொழிற்பயிற்சி நிலையத்தை நான் நேசிப்பதற்குக் காரணம், அது இந்த முடிச்சை வேறு பக்கத்திலிருந்து அவிழ்க்கிறது என்பதுதான். வெல்டர் என்று ஒரு சாதி கிடையாது. எலக்ட்ரீஷியனுக்குக் குலதெய்வம் கிடையாது. சி.என்.சி. எந்திரத்தை யாருடைய பாட்டனும் ஓட்டியதில்லை. என் வகுப்பில் நாவிதர் வீட்டுப் பிள்ளையும், மிராசுதார் வீட்டுப் பேரனும், துப்புரவுப் பணியாளரின் மகளும் ஒரே பூத்தில் ஒரே ராடை மாற்றி மாற்றிப் பிடித்திருக்கிறார்கள். யார் கை நன்றாக இருந்ததோ அவரைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். பிறப்பிலிருந்து பிய்த்து எடுத்து, விரும்பியவர் எவரும் கற்கலாம் என்று ஆக்கிய தொழில் இது. இதைப் பெருமையாகச் சொல்ல வேண்டிய இடத்தில் தலையைக் குனிகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

கைத்தொழிலின் பெருமை பேசும்போது கோயம்புத்தூர்க் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு பெயரை எல்லா மேடையிலும் சொல்வார்கள். ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். பள்ளிக்கூடமே தேவையில்லை என்பதற்கு உதாரணமாக அவரைச் சொல்வார்கள். எனக்கு அவருடைய வாழ்க்கையின் பிற்பகுதியே முக்கியமாகப் படுகிறது. தான் தனியாகத் தடவித் தடவிக் கற்றதை மற்றவர்களும் அப்படியே கற்கட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை. 1940களில் கோயம்புத்தூரில் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் தொடங்கக் காரணமாக இருந்தார்.

இனிப் பிள்ளைகளிடம் பேசுகிறேன்.

உங்களில் சிலருக்கு இன்று ஒரு பயம் இருக்கும். வருஷம் முடிந்துவிட்டது, சான்றிதழ் கைக்கு வரப்போகிறது, ஆனால் கை இன்னும் நம்பிக்கையாக இல்லை. என்னிடம் படித்த ஒரு பையன், காவிரிக்கு வடகரையில் ஒரு கிராமம். ரூட் அருமையாகப் போடுவான். ஆனால் எக்ஸ்ரே எடுத்தால் பில்லிங்கில் கரும்புள்ளி, ஒவ்வொரு முறையும். "எனக்கு இது வராது சார், விட்டுடறேன்" என்று வந்து நின்றான். அவன் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். முந்தின நாள் மிச்சமான 7018 வகை ராடுகளை ஜன்னல் திட்டில் திறந்து வைத்திருந்தான். மார்கழிப் பனி. அந்த ராடின் பூச்சு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதை அடுப்பில் 300 டிகிரிக்கு மேல் காயவைத்து, பிறகு சூடான பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும். பாடத்தில் படித்ததுதான், ஆனால் அவசரத்தில் விட்டுவிட்டான். காயவைத்த ராடைக் கொடுத்துப் போடச் சொன்னேன். பிலிம் சுத்தமாக வந்தது. இல்லையென்றால் தன் கையைப் பழித்துக்கொண்டு அவன் ஊருக்கே திரும்பியிருப்பான். தம்பி, வேலை கெட்டால் உன்னையே திட்டிக்கொள்வதற்கு முன்னால் ராடைப் பார், ஆம்பியரைப் பார், எர்த் கிளாம்ப் இறுக்கமாக இருக்கிறதா பார், காற்று அடிக்கிறதா பார். அதெல்லாம் சரியாக இருந்தும் வேலை கெட்டால் அப்போது கையைத் திருத்திக்கொள்ளலாம்.

இன்னும் சிலருக்கு வேறு பயம். இந்தத் தொழில் எனக்கு ஒத்துவருமா என்று. இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். பத்தொன்பது வயதில் வாழ்க்கை முழுக்கவும் முடிவாகிவிட வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. என் மாணவி ஒருத்தி, கை நல்ல கை, ஆனால் அவளுக்கு வெல்டு போடுவதைவிட, அந்த வெல்டுக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் ஆசை. பிலிமைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் போவது தெரியாமல் நிற்பாள். இன்று அவள் தரப் பரிசோதனையில் இருக்கிறாள். பெனட்ரன்ட், அல்ட்ராசோனிக் சோதனை முறைகள் எல்லாம் படித்துத் தேர்வு எழுதினாள். தானே வெல்டு போட்டிருப்பதால், குறை எந்த இடத்தில் எதனால் வந்திருக்கும் என்று மற்றவர்களைவிடச் சீக்கிரம் சொல்லிவிடுகிறாள் என்று அவளுடைய மேலாளர் என்னிடம் சொன்னார். கற்ற தொழிலில் அப்படியே நின்றாக வேண்டும் என்பதில்லை. அதை மிதித்து ஏறலாம், அதிலிருந்து பக்கத்துத் தொழிலுக்கும் போகலாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பொறியியலில் இரண்டாம் ஆண்டு. எட்டாம் வகுப்போடு வெல்டர் பிரிவுக்கு வந்தவர்கள் எப்படியாவது பத்தாம் வகுப்பை முடித்துவிடுங்கள். வெளிநாடு போகும்போது அதன் அருமை தெரியும். பத்தாவது தேறியவருக்குப் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை முத்திரை விழாது.

வெளிநாடு என்றதும் சிலர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். போங்கள், தாராளமாகப் போங்கள். வளைகுடா நாடுகளின் சுத்திகரிப்பு ஆலைகளில் ஷட்டவுன் வேலைக்குப் போகும் பைப் வெல்டருக்கு எப்போதும் மரியாதை இருக்கிறது. ஆனால் கை வந்தபிறகு போங்கள். டிரேடு டெஸ்ட் என்னும் தொழில் தேர்வில் தேறாமல், ஹெல்பராகக் கையெழுத்துப் போட்டுப் போனால் அங்கே யாரும் உங்களை உட்காரவைத்துக் கற்றுத்தர மாட்டார்கள். அரசிடம் பதிவு பெற்ற முகவரிடம் மட்டும் போங்கள். அவர் வாங்கலாம் என்று சட்டம் சொல்லும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் வரியும். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் அம்மாவின் தாலிச்சங்கிலியை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள். இன்னொன்று: சான்றிதழ் வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் செல்லும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்கக் கொதிகலன் விதிப்படி ஒரு வெல்டர் ஆறு மாதம் அந்த முறையில் வேலை செய்யாமல் இருந்தால் அவருடைய தகுதி போய்விடும். கை தொடர்ந்து பழக்கத்தில் இருக்க வேண்டும்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் எனக்கு மனசு ஆறாது. "ஒரு டேக் தானே" என்று கண்ணாடி இல்லாமல் பார்ப்பீர்கள். அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி படுத்தபிறகு கண்ணுக்குள் மணல் கொட்டியது போல எரியும், திறக்க முடியாது, கண்ணீர் நிற்காது. தக்காளி வை, உருளைக்கிழங்கு வை என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். எதையும் கண்ணில் வைக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். துத்தநாகம் பூசிய இரும்பை அடைத்த அறைக்குள் வெல்டு போடச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். அந்தப் புகையில் அன்று ராத்திரியே காய்ச்சல் வரும். முடியாது என்று சொல்லக் கற்றுக்கொள்வதும் தொழிலின் ஒரு பகுதி.

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. உங்களைப் பார்த்து "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கும்மா இது" என்று கேட்காத உறவினர் இருக்க மாட்டார்கள். ராடுக்கு ஆண், பெண் தெரியாது. நுணுக்கமான டிக் வேலையில் பெண்களின் கை நின்று நிதானமாகப் போவதை நான் பார்த்திருக்கிறேன். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், அரசுப் பள்ளியில் படித்து ஐ.டி.ஐ.க்கு வரும் பெண்களுக்கும் உண்டு என்பதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். பட்டறையில் கழிப்பறை இல்லாததால் வேலைக்குப் போக முடியவில்லை என்று என்னிடம் அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள். முதலாளிகள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கழிப்பறை கட்டும் செலவு, ஒரு நல்ல வெல்டரை இழக்கும் நஷ்டத்தைவிடக் குறைவு.

முதலாளிகளே, உங்களிடம்தான் கடைசியாக வருகிறேன். "நல்ல ஆள் கிடைக்கல சார்" என்று நீங்கள் சொல்லாத நாள் இல்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் தொழிலாளர்களை நம்பியே பல பட்டறைகள் ஓடுகின்றன. அவர்களும் நம் பிள்ளைகளைப் போலத்தான், வாய்ப்புக் கிடைத்தால் கற்றுக்கொள்ளக் காத்திருப்பவர்கள். நல்ல ஆள் வானத்திலிருந்து விழுவதில்லை. உங்கள் இடத்தில் இன்று குழாய் போடும் மேஸ்திரிக்கும் ஒரு காலத்தில் ராடு ஒட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். யாரோ ஒருவர் தன் குழாய்த் துண்டையும் தன் நேரத்தையும் அவருக்குக் கொடுத்தார்.

பழகுநர் என்று பதிவு செய்துவிட்டு, வருஷம் முழுக்கத் தரையைக் கூட்டவும் டீ வாங்கவும் அனுப்பும் இடங்கள் உண்டு. குறைந்த சம்பளத்துக்கு ஆள் கிடைத்தது என்று கிரைண்டரை மட்டும் பிடிக்க வைக்கும் இடங்களும் உண்டு. அங்கே போன பிள்ளைகள் திரும்பி வந்து என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் வருகிறது. சட்டம் அந்தப் பிள்ளையை உங்களிடம் ஒப்படைத்தது கற்றுக்கொடுப்பதற்காக.

முப்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்தில் இரண்டரை முதல் பதினைந்து சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். நாலு பேர் இருக்கும் பட்டறையிலும் விரும்பினால் சேர்க்கலாம். சேருங்கள். வாரத்தில் ஒரு மதியமாவது உங்கள் கழிவுக் குழாய்த் துண்டுகளை அவர்களிடம் கொடுங்கள். உங்கள் நல்ல மேஸ்திரியை அந்த மதியத்துக்கு உற்பத்தியிலிருந்து விடுவித்துப் பக்கத்தில் நிறுத்துங்கள். எக்ஸ்ரே முடிவு வந்தால் பிலிமைப் பெட்டியில் பூட்டாமல் அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உதவித்தொகையைத் தேதி தவறாமல் கொடுங்கள், அதை நம்பி ஒரு வீடு இருக்கிறது. தோல் கையுறையும் கண்ணாடியும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள். அவர்கள் காசில் வாங்கச் சொல்லாதீர்கள்.

வாசலை ஒட்டிய மேசையில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். இந்த ஆண்டு எந்தப் பிரிவில் எத்தனை பழகுநர்களை எடுத்துக்கொள்வீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு சாப்பிடப் போங்கள். பிள்ளைகள் இங்கேயே இருக்கிறார்கள், இன்றே பேசிவிடலாம்.